யார் பெற்ற பிள்ளை?

ஆற்றிலே மிதந்து வருகிறது ஒரு பேழை. திறந்து பார்த்தால் உள்ளே குழந்தை! தேரோட்டியும் அவன் மனைவியும் அதைத் தம் பிள்ளையாக வளர்க்கிறார்கள். பிள்ளை வளர்கிறான், வில்லெடுக்கிறான், அரச குலத்தார் கூடியுள்ள அரங்கிலே வந்து நின்று, "என்னோடு போட்டியிட யார் உண்டு?" என்கிறான். போட்டியிட எவரும் எழவில்லை, கேள்விதான் எழுகிறது. "நீ யார் பெற்ற பிள்ளை?" வீரன் தலை கவிழ்கிறது.

கர்ணன் கதையைத் தெருக்கூத்திலே கேட்டுக் கண் கலங்காதார் யார்? நாமும் கலங்கியவர்களே. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிந்திக்கத் தொடங்கினால், ஓர் ஐயம் நெஞ்சைக் குடைகிறது. தேரோட்டி மகனுக்கு வில் எதற்கு என்று எள்ளி நகைத்தார்களே, அந்த ஏளனத்துக்குக் கதை தரும் மறுமொழி யாது? தேரோட்டி மகனும் வில் வல்லவனாகலாம் என்பதா? இல்லை. "இவன் தேரோட்டி மகனே அல்லன், அரசகுமாரி பெற்ற பிள்ளை, கதிரவனே இவனுக்குத் தந்தை" என்பதே மறுமொழி! அதாவது, ஏளனம் செய்தவர்கள் ஆளை அடையாளம் காண்பதிலேதான் பிழை செய்தார்கள். கொள்கையிலே பிழை செய்யவில்லை என்று ஆகிறது. அதிரதனும் ராதையும் தாமே பெற்ற பிள்ளையொருவன் அன்று அந்த அரங்கிலே நின்றிருந்தால், அவனுக்காகக் கதை ஒரு சொட்டுக் கண்ணீராவது வடித்திருக்குமா?

இது நம் நாட்டுச் சரக்கு மட்டுமன்று. பாரசீகத்துச் சைரசு மாடு மேய்ப்பவன் வீட்டிலே வளர்ந்தான் என்று கிரேக்கர் எரோடோட்டசு எழுதி வைத்திருக்கிறார். சிறுவர்கள் விளையாட்டிலே அவனை அரசனாக்கினார்களாம். அவனும் சொன்னபடி கேளாத பெருங்குடிப் பிள்ளையைச் சாட்டையால் அடிக்கச் செய்தானாம். அதைக் கண்டே அரச இரத்தம் என்று தெரிந்துகொண்டார்களாம்! பிரிட்டனிலே ஆர்தர், பிறர் வீட்டில் வளர்ந்தவன், கல்லில் பதிந்த வாளை உருவுகிறான். உருவ முடிந்ததற்குக் காரணம் அவன் தோள் அன்று, தகப்பன். வியன்னா நகரத்து அறிஞர் ஆட்டோ ராங்க் 1909-இல், வீரர்களின் பிறப்பைப் பற்றி எழுதிய நூலில் கர்ணனையும் சைரசையும் ஈடிப்பசையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டினார். பேழை மாறும், ஆறு மாறும், மொழி மாறும். கண்டெடுத்த பிள்ளை கடைசியில் அரச பிள்ளையாக மாறுவது மட்டும் மாறுவதில்லை.

அந்த வழக்கத்தை மாற்றத் துணிந்த ஒரு சிறுவர் நாவலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நூலாசிரியர் லாயிடு அலெக்சாண்டர். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் 1924-இல் பிறந்தவர், 2007-இல் மறைந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. வங்கி ஒன்றில் கடிதம் சுமக்கும் ஏவலாளாக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரிலே படையில் சேர்ந்து, பயிற்சிக்காக வேல்சு நாட்டில் சிறிது காலம் இருந்தார். அந்நாட்டு மலைகளும் கோட்டைகளும் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. 'மாபினோகியன்' என்னும் வேல்சுப் பழங்கதைத் தொகுதியிலிருந்து பெயர்கள் பலவும் நிகழ்ச்சிகள் சிலவும் எடுத்துக்கொண்டு, பிரிடெய்ன் என்றொரு கற்பனை நாட்டைப் படைத்தார். 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கொன்றாக ஐந்து நாவல்கள் வந்தன. ஐந்தாவதான 'தி ஹை கிங்' 1969-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. நாம் எடுத்துக்கொண்டது நான்காவது. 1967-இல் வந்த 'டாரன் வாண்டரர்'. நாடோடி டாரன் என்று சொல்லலாம். பதக்கத்தைப் பெற்றது ஐந்தாவது. நம் நெஞ்சைப் பெற்றது நான்காவது.

"மாயக் கிழவிகளும் மந்திரவாதிகளும் நடமாடும் கதை, வருங்காலம் உரைக்கும் பன்றிகூட உண்டு. இதற்குப் பகுத்தறிவு ஏட்டிலே பாராட்டா?" என்று தோழர்கள் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஒன்று: கட்டுக்கதை என்று நெற்றியிலே எழுதி ஒட்டிக்கொண்டு வரும் கதை வேறு, மெய்யென்று நம்பு, நம்பாவிட்டால் நரகம், நம்பினால் உண்டியலில் காசு போடு என்று மிரட்டும் கதை வேறு. அலெக்சாண்டரின் பன்றிக்கு எவரும் கோயில் கட்டப்போவதில்லை. கற்பனையை நாம் வெறுப்பதில்லை. கற்பனைக்குள் ஒளிந்து வரும் கருத்தைத்தான் சோதிக்கிறோம். அந்தச் சோதனையில் இந்நூல் எங்கே தேறுகிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பார்ப்போம்.

காயர் டால்பென் என்றொரு சிறு பண்ணை. டால்பென் என்னும் முதியவர், மந்திரம் கற்றவர், அங்கே இருக்கிறார். கால் என்பவர் உழுகிறார், விதைக்கிறார், தோட்டம் போடுகிறார். ஒரு காலத்தில் பெரிய போர்வீரர். இவர்களிடம் வளர்ந்தவன் டாரன். அவன் வகிக்கும் பதவி என்ன தெரியுமோ? உதவிப் பன்றி மேய்ப்பன்! முழுப் பன்றி மேய்ப்பன்கூட அல்லன். ஐலான்வி என்னும் அரசகுமாரியிடம் அவனுக்குக் காதல். மணம் பேச வாயெடுக்குமுன் மனம் இடறுகிறது: பெற்றோர் யாரென்று அறியாதவன், அரசகுமாரியை எப்படிக் கேட்பது? ஆகவே புறப்படுகிறான். புதையலுக்காக அன்று, அரக்கனைக் கொல்ல அன்று. தான் யார் பெற்ற பிள்ளை என்று அறிந்துவரப் புறப்படுகிறான். உயர்குடியில் பிறந்தவன் என்று தெரியவேண்டும் என்பதே அவன் ஆசை.

மோர்வா சதுப்பு நிலத்து மூன்று கிழவிகளிடம் கேட்கிறான். அவர்கள் விலை கேட்கிறார்கள். அவன் கையில் விலை இல்லை. மலைநாட்டிலே லுனெட் கண்ணாடி என்று ஒன்று உண்டு, அதைப் போய்ப் பார் என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியைத் தேடி நடக்கும் நடைதான் நூல் முழுவதும்.

நாம் பார்ப்பது ஆசிரியர் வேலை. கிழமைக்கு ஒருநாள், கடைசி மணியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கதையைத் தமிழிலே சொல்லி வருகிறோம். உதவிப் பன்றி மேய்ப்பன் என்று சொன்ன அன்று வகுப்பே சிரித்தது. ஒரு மூலையில் மட்டும் சிரிப்பில்லை. பன்றி வளர்ப்பது என்றால் என்ன, அதைச் செய்பவர் வீட்டுப் பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அந்த மூலைக்குத் தெரியும். வேல்சு மலைச்சாரலை நினைத்து அமெரிக்கர் எழுதிய நகைச்சுவை, நம் வகுப்பறையிலே வேறொரு பொருள் கொண்டுவிட்டது. கதை பாதி வந்தபோது, "டாரனின் தகப்பன் யாராக இருக்கும்? ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்றோம். அரசன், பேரரசன், போரில் இறந்த அரசன், காட்டில் ஒளிந்துள்ள அரசன்! ஏறக்குறைய எல்லாத் தாளும் அரண்மனை வாயிலிலே போய் நின்றன. பதின்மூன்று வயதுக்குள் இந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது! நாம் நடத்திய பாடமா இது? இல்லை. யார் நடத்தியது?

நூலுக்குத் திரும்புவோம். வழியிலே ஏடன் என்னும் உழவர் வீட்டில் டாரன் தங்குகிறான். மகனை இழந்த வீடு. இங்கேயே இருந்துவிடு என்கிறார் ஏடன். டாரன் மறுத்துச் செல்கிறான். அப்பகுதியில் இரண்டு குறுநிலத் தலைவர்கள். ஒருவர் பெயர் வீரர் கோரியன். மற்றவர் பெயர் வள்ளல் காஸ்ட். வள்ளல் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வீரரின் வீரம் எப்படிப்பட்டதென்று வாசகரே ஊகிக்கலாம். இவ்விருவரும் ஒரு பசுவுக்காகச் சண்டையிடுகிறார்கள். பசு யாருக்கு என்று முடிவாகவில்லை. ஏடனின் பயிர் மட்டும் குதிரைக் குளம்புகளில் அழிந்து முடிந்தது. வழக்கு ஸ்மாய்ட் அரசரிடம் வருகிறது. அவர் முரடர், நல்லவர். இருவரையும் பாதாளச் சிறையில் அடைத்துவிட்டால் தீர்ந்தது வழக்கு என்று நினைக்கிறார். டாரன் வேறு தீர்ப்பு உரைக்கிறான். மந்தைகளை ஒன்றாகச் சேர்க்கட்டும். கோரியன் இரண்டாகப் பிரிக்கட்டும். எந்தப் பாதி வேண்டுமென்று முதலில் காஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும். பிரிப்பவன் ஏமாற்றினால் தானே ஏமாறுவான்! சண்டைக்குக் காரணமான பசுவோ ஏடனுக்கு. அழிந்த வயலை இரு தலைவர்களும் சீர்செய்து விதைக்கவேண்டும்.

இப்பகுதியை நாம் மூன்று முறை படித்தோம். தலைவர் பொருதால் உழவன் அழிவான் என்பதைச் சிறுவர்க்குப் புரியும் அளவில், கண்ணீர் வடிக்காமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறார். வரலாற்றுப் பாடநூலில் போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், அந்தப் போர்களெல்லாம் யாருடைய வயலில் நடந்தன என்று கேட்டதுண்டா?

தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்த ஸ்மாய்ட், "நீ என் மகனாக இரு, எனக்குப் பின் ஆட்சி உனக்கு" என்கிறார். டாரன் என்ன சொல்கிறான்? பிறப்புரிமையால் வரும் அரசே வேண்டும் என்கிறான்! உயர்குடிப் பிறப்பாவது ஒன்றாவது என்று அரசர் உறுமுகிறார். முடியணிந்த அரசர் பிறப்பை எள்ளுகிறார்; பன்றி மேய்ப்பவனோ பிறப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். இது உண்மை, தோழர்களே. அடிமைத்தனத்தை ஆண்டவன் மறந்த பிறகும் அடங்கியிருந்தவன் மறப்பதில்லை. தாழ்வு என்று பிறர் குத்திய முத்திரையைத் தன் நெஞ்சிலேயே பச்சை குத்திக்கொண்டு திரிபவனை நாம் கண்டதில்லையா?

மோர்டா என்னும் மந்திரவாதி வரும் பகுதி நமக்குச் சலிப்பையே தந்தது. தன் உயிரைத் தன் சுண்டுவிரல் எலும்பிலே ஒளித்து வைத்திருக்கிறானாம். எலும்பு ஒடிந்தால் ஆள் மடிவானாம். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த நம் பாட்டி கதை அரக்கனுக்கு ஒன்றுவிட்ட தம்பி இவன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் டாரனின் கேள்விக்கும் மோர்டாவின் எலும்புக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஆசிரியருக்கே பழைய பாணியை முழுதும் விட மனம் வரவில்லை போலும்.

அதற்குப் பிறகு வருவதே நூலின் உயிர்நிலை. பாழடைந்த பள்ளத்தாக்கொன்றில், காலூன்றி நடக்கும் கிழட்டு இடையர் கிராடக், டாரனைப் பார்த்து, "நீதான் என் மகன்" என்கிறார். குழந்தையை டால்பென் வாங்கிச் சென்றார் என்று கதை சொல்கிறார். தேடல் முடிந்தது! தகப்பன் கிடைத்துவிட்டான்! ஆனால் டாரனின் உள்ளத்தில் மகிழ்ச்சி எங்கே? இடிந்த சுவரை எடுத்துக் கட்டுகிறான், ஆடுகளைக் காக்கிறான், மகன் செய்யவேண்டியதெல்லாம் செய்கிறான். உள்ளே மட்டும் கசப்பு ஊறிக்கொண்டே இருக்கிறது. இடையன் மகன்! இனி ஐலான்வியை நினைக்கவும் தகுதியில்லை! நேற்றுவரை பன்றி மேய்த்தவனுக்கு இன்று ஆடு மேய்ப்பவரைத் தகப்பன் என்று சொல்ல நாணம். ஏணியின் கடைசிப் படியில் நிற்பவனும், தனக்குக் கீழே இன்னொரு படி உண்டென்று கற்பனை செய்துகொண்டால்தான் நிம்மதியடைகிறான் என்பதை இதைவிட எவர் நுட்பமாகச் சொல்வர்?

பனிக்காலத்தில் கிராடக் கிடுகிடு பள்ளத்திலே வீழ்கிறார். விளிம்பிலே நிற்கிறான் டாரன். இவர் ஒழிந்தால் நமக்கு விடுதலை என்று ஒரு நினைவு மின்னி மறைகிறது. மறைந்த உடனே தன்னைக் கண்டு தானே நடுங்குகிறான்; பள்ளத்திலே இறங்குகிறான். ஐலான்வி கொடுத்த ஊதுகொம்பு ஒன்று அவனிடம் உண்டு. ஒருமுறை ஊதினால் உதவி வரும், அந்த ஒருமுறைதான். காதலியின் நினைவாக வைத்திருந்த அந்த ஒரே ஊதலை அந்த ஏழைக் கிழவரைக் காக்கச் செலவிடுகிறான். கிழவர் பிழைக்கவில்லை. பிழைக்கமாட்டோம் என்று அறிந்து உண்மையைச் சொல்லிவிடுகிறார்: "நீ என் மகன் அல்லன். என் பிள்ளை இறந்துபோயிற்று. தனிமை தாங்காமல், கைக்கு உதவி வேண்டிப் பொய் சொன்னேன்."

சிறுவர் நூலில் கதைத் தலைவனை இவ்வளவு கீழே இறக்கிக் காட்டத் துணிவு வேண்டும். கொல்லும் நினைவு ஒரு நொடி வந்தது என்று எழுதினால், நன்னெறி நூல் எழுதும் பெரியவர்கள் அதை அடித்துவிடுவர். அடித்திருந்தால் நூலே போயிருக்கும். கேட்டிருந்த பிள்ளைகள் அன்று மணியடித்த பிறகும் எழவில்லை.

வெட்கத்தோடு புறப்பட்ட டாரன், 'சுதந்திரக் காமட்டுகள்' எனப்படும் சிற்றூர்களுக்கு வருகிறான். அங்கே தலைவன் இல்லை, பிரபு இல்லை. உழவர், கொல்லர், நெய்வோர், குயவர் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் ஊர்கள். பன்றி மேய்ப்பன் என்ற பெயரைக்கூட டாரன் அங்கே விட்டுவிடுகிறான். நாடோடி என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹெவிட் என்னும் கொல்லரிடம் வாள் அடிக்கக் கற்கிறான். முதல் வாள் சோதனையில் நொறுங்குகிறது. இரண்டாவது பார்க்க அழகில்லை, உடையவில்லை. டுவைவாக் என்னும் கிழவி நெசவு கற்பிக்கிறாள். தறியில் உட்காரலாம் என்று வந்தவனைக் கம்பளியைச் சிக்கெடுக்க வைக்கிறாள், நூல் நூற்க வைக்கிறாள். தானே விரும்பி எடுத்த கோலம் பாதியில் பிடிக்காமற் போகிறது. நெய்ததை அவிழ்த்து மறுபடி தொடங்கவேண்டியதாகிறது. கொல்லருக்கு வாழ்க்கை உலைக்களமாகத் தெரிகிறது. கிழவிக்குத் தறியாகத் தெரிகிறது. ஒவ்வொருவரும் தம் கருவியைக் கொண்டே உலகை அளக்கிறார்கள். ஆசிரியர் அதைக் கண்டு புன்னகைக்கிறார், நகைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உலையடிக்கு வந்தவனை, உன் தகப்பன் கொல்லனா என்று எவரும் கேட்கவில்லை. தறியருகே வந்தவனை, உங்கள் வீட்டில் நெசவுண்டா என்று கிழவி கேட்கவில்லை. கையைப் பார்த்தார்கள், கற்றுக்கொள்ளும் மனத்தைப் பார்த்தார்கள். 1953-இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் அரசு கொண்டுவந்த திட்டம் நினைவுக்கு வராமலிருக்குமா? பாதிநாள் பள்ளி, பாதிநாள் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று நாடு கொதித்து, 1954-இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பது இழிவென்று அன்று எதிர்த்தவர்கள் சொல்லவில்லை. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்யலாகாது என்றே சொன்னார்கள். டாரன் உலையிலும் தறியிலும் மண்ணிலும் கை வைக்கிறான்; எதிலே தங்குவது என்பது அவன் முடிவு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

குயவர் அன்லாவிடம் வந்ததும் டாரன் தன் இடத்தைக் கண்டுகொண்டதாக மகிழ்கிறான். வாளைவிட, ஆடையைவிட, மண்ணே அவன் நெஞ்சை இழுக்கிறது. இரவும் பகலும் சக்கரத்தின் முன் அமர்கிறான். முடிவில் அன்லா தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறார்: பயன்படும் கலம் செய்வாய், ஆனால் நீ விரும்பும் அளவுக்கு வரும் திறம் உனக்கில்லை. டாரன் உடைந்துபோகிறான்.

இவ்விடத்தில் நாம் ஆசிரியரோடு வழக்காடவேண்டியவர்களாகிறோம். பிறப்பால் உயர்வு இல்லை என்று காட்டப் புறப்பட்ட நூல், 'திறம்' என்ற பெயரில் இன்னொரு பிறவிச் சொத்தைப் பின்வாசல் வழியே கொண்டுவருகிறதோ? சில திங்கள் பயிற்சியில், உனக்கு வராது என்று தீர்ப்பளிக்க எந்த ஆசானுக்கு உரிமை? அந்தத் தீர்ப்பைக் கேட்டே எத்தனை பிள்ளைகள் கணக்கையும் ஆங்கிலத்தையும் கைவிட்டிருக்கிறார்கள்! நாமும், சொல்ல நாணமாக இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலே ஒரு மாணவியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறோம். அவள் அதன்பின் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

என்றாலும் நேர்மையாகச் சொன்னால், அன்லாவின் சொல்லும் நம் சொல்லும் ஒன்றல்ல. அவர் டாரனை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்துச் சொன்னார். அவன் குலத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் சக்கரத்தைப் பூட்டவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் கிட்டும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லும் நூல்கள் மலிந்திருக்க, ஆசைப்பட்டும் கிட்டாதவன் மீதி வாழ்வை எப்படி வாழ்வது என்று கேட்க இந்நூல் அஞ்சவில்லை. வழக்கு முடியவில்லை, வாசகர் தீர்த்துக்கொள்ளட்டும்.

கடைசியில் கண்ணாடிக்கு வருகிறான். குகை, குகைக்குள் கல்லின்மேல் தேங்கிய சிறிதளவு நீர். அதுதான் லுனெட் கண்ணாடி! குனிந்து பார்க்கிறான். மணிமுடி தெரியவில்லை, தகப்பன் முகம் தெரியவில்லை, அவன் முகம் தெரிகிறது. அதற்குள் டோரத் என்னும் கொள்ளைக்காரன் வந்து நீரை மிதித்துச் சிதறடிக்கிறான். டாரனிடமிருந்து முன்பு வஞ்சகமாகப் பறித்த நல்ல வாள் அவன் கையில். டாரன் கையிலோ தானே அடித்த அழகற்ற வாள். மோதுகின்றன. நொறுங்குவது நல்ல வாள்!

திரும்பி வந்து அன்லாவிடம் டாரன் சொல்லும் செய்தி இதுதான்: தன்னிடமுள்ள வலிமையும் கோழைத்தனமும், கொஞ்சம் அறிவும் நிறையப் பேதைமையும், எல்லாம் கலந்த ஒரு மனிதனை அந்த நீரிலே கண்டேன், எந்த ஓடையிலும் அந்த நிழல் தெரிந்திருக்கும், ஆனால் முன்பே பார்த்திருந்தால் புரிந்திருக்காது, பெற்றோர் யாராயினும் இனிக் கவலையில்லை, மாந்தர் அனைவரும் ஒருவர்க்கொருவர் உறவே. கண்ணாடியில் மந்திரம் ஏதுமில்லை, வெறும் நீர்தான் என்று அன்லாவும் ஒப்புகிறார். மாயக்கதையின் உச்சியிலே வைத்து, மாயம் இல்லை என்று எழுதியிருக்கிறார் அலெக்சாண்டர்! கடைசிவரை தகப்பன் பெயர் வரவே இல்லை. பேழை திறக்கப்படுகிறது, உள்ளே பட்டுத்துணியும் இல்லை, முத்திரை மோதிரமும் இல்லை.

நூல் இங்கே நின்றிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டே 'தி ஹை கிங்' வந்தது. அதில் டால்பென் தாம் அறிந்ததைச் சொல்கிறார்: போர் ஓய்ந்த களத்தில், பிணங்களுக்கு அப்பால், காட்டோரத்திலே கண்டெடுத்த குழந்தை நீ, இன்னார் பிள்ளை என்பதற்கு அடையாளம் எதுவுமில்லை. சொன்ன சொல்லை ஆசிரியர் காப்பாற்றிவிட்டார். பிறப்பு மறைபொருளாகவே போயிற்று. அதே நூலில், மூப்பும் துன்பமும் இல்லாத கோடை நாட்டுக்குக் கப்பல் காத்திருக்கிறது. ஏறிப் போகலாம், டாரன் மறுக்கிறான். ஏன்? போரில் மாண்ட கால் விட்டுச்சென்ற தோட்டத்தில் நடவு நடவேண்டும். இளமையில் இறந்த அரச நண்பன் பாதியில் விட்ட கடலோரச் சுவரை முடிக்கவேண்டும். துறக்கத்தை வேண்டாமென்று சொல்லக் கூறும் காரணம் ஒரு காய்கறித் தோட்டமும் ஒரு சுவரும்! இதற்காகவே அந்நூலை மன்னித்துவிடலாமா என்று தோன்றுகிறது.

மன்னிக்க முடியாதது ஒன்றுண்டு. அப்படி மறுத்தவன் தலையிலே முடி சூட்டிவிடுகிறார் ஆசிரியர்! குலமற்ற ஒருவன் பேரரசனாவான் என்று பழைய ஏடொன்றில் முன்பே எழுதியிருந்ததாம். அப்படியானால் டாரன் பட்ட பாடெல்லாம் என்ன? பிறப்பை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர், தலைவிதியைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டார். அரசனில்லாமல் ஊர்கள் நன்றாக வாழ்வதை நான்காம் நூலில் கண்ணாரக் காட்டியவர், ஐந்தாம் நூலில் அந்த ஊராருக்கே அரசனைத் தருகிறார். மாயமும் மாயக்காரரும் நாட்டைவிட்டே போகிறார்கள். அரியணை மட்டும் ஏன் போகவில்லை?

ஐலான்வியைப் பற்றியும் ஒரு சொல். நாலாம் நூல் முழுவதும் அவள் மேடைக்கு வெளியே நிற்கிறாள். அரசகுமாரிக்குரிய நடையுடை பாவனைகளைப் பயில அனுப்பப்பட்டிருக்கிறாள். அவளுக்குத் தகுதியானவனா என்று டாரன் மலை மலையாக அலைகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முந்தைய நூல்களைப் படித்தவர்க்கு அவள் குலம் பார்ப்பவள் அல்லள் என்பது தெரியும். அவளுடைய அரச பிறப்பையோ கதை கடைசிவரை கேள்வி கேட்கவில்லை. டாரன் நீரிலே குனிந்து பார்த்தான். அவளையும் குனிந்து பார்க்கச் சொல்லியிருந்தால் நூல் இன்னும் ஒரு முழம் உயர்ந்திருக்கும்.

வகுப்பிலே கண்ணாடிப் பகுதியைச் சொல்லி முடித்த அன்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "அப்போ அப்பா யார் ஐயா?" என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். முன்பு எழுதி வாங்கிய தாள்களை எடுத்துவந்து திருப்பிக் கொடுத்தோம். அரசர்களுக்கு நடுவே ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. அன்று நாம் அதைப் பிழை என்று எண்ணி ஒதுக்கியிருந்தோம். சிரிக்காமல் இருந்த அந்த மூலைப் பையன் எழுதியது: "கால்தான் அப்பா. அவர்தானே சோறு போட்டார்."

அடுத்த கிழமை ஐந்தாம் நூலைத் தொடங்கவேண்டும். முடிசூட்டைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று முதலில் நினைத்தோம். வேண்டாம், உள்ளது உள்ளபடியே சொல்லிவிட்டு, அவர்கள் ஆசிரியரோடு சண்டை போடட்டும் என்று விட்டுவிடப்போகிறோம். அந்தப் பையன் என்ன சொல்வான் என்று அறிய நமக்கும் ஆவல்தான்.